சுராங்கனிக்கு யார் மீன் கொண்டுவந்தது? – சிலோன் பாப்பும் மூணு கார்டு கிடாரும்



ஹாஸ்டல் உள்ள எந்தக் கல்லூரிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கண்டிப்பாக ஒரு கிடார் இருக்கும். அது எங்கே இருக்கும் என்பதுதான் விஷயம். பெரும்பாலும் அலமாரிக்கு மேலே, ஒரு கம்பி அறுந்து, தூசி படிந்து இருக்கும். வாங்கியவர் முதல் மாதம் விரல் நுனி கொப்புளிக்கக் கொப்புளிக்க வாசித்திருப்பார். இரண்டாவது மாதம் "முறையா கத்துக்கணும்டா" என்று சொல்லியிருப்பார். மூன்றாவது மாதம் கிடார் அலமாரிக்கு மேலே போயிருக்கும். செமஸ்டர் மேல் பழி போட்டுவிடலாம், அதற்குத்தானே செமஸ்டர் இருக்கிறது :-)

இந்த "முறையா கத்துக்கணும்" என்ற வார்த்தையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. முறையாகக் கற்காமல், மூன்று கார்டு மட்டும் தெரிந்துகொண்டு, கூச்சப்படாமல் பாடலாமா? பாடினால் அது இசை ஆகுமா? இதற்கு வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. தூரத்தில் எல்லாம் இல்லை, எங்கள் ஊர் கோட்டைப்பட்டினத்துக்கு நேர் எதிரே, கடலுக்கு அந்தப் பக்கம். அதன் பெயர் சிலோன் பாப்.

முதலில் கிடார் கதை

கிடார் என்ற பெயர் கிரேக்கத்தின் கித்தாரா, அரபியின் கீத்தாரா, ஸ்பானிஷின் கிடார்ரா என்று பல வாய்களில் புகுந்து வந்த பெயர். (எங்கள் பக்கம் ஆட்டுக்கிடை போடும் கீதாரிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. நானே ஒரு காலத்தில் யோசித்துப் பார்த்திருக்கிறேன்!) ஐரோப்பாவில் பழைய கிடாருக்கு ஐந்து ஜோடிக் கம்பிகள் இருந்தன. 1800 வாக்கில் ஆறு ஒற்றைக் கம்பிகள் என்று ஆனது. இன்று நாம் பார்க்கும் கிளாசிக்கல் கிடாரின் உடம்பும் அளவும் ஸ்பெயினில் அந்தோனியோ தெ தோரஸ் (1817–1892) என்ற தச்சர் வகுத்தது.

போர்த்துக்கீசியர்கள் 1505ல் இலங்கைக்கு வந்தார்கள். 1619ல் யாழ்ப்பாண ராஜ்ஜியத்தைப் பிடித்தார்கள். 1658ல் டச்சுக்காரர்கள் அவர்களை யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டினார்கள். ஆட்சி போனாலும் பல விஷயங்கள் தங்கிவிட்டன. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை எல்லாம் போர்த்துக்கீசியம் தமிழுக்குக் கொடுத்துவிட்டுப் போன சொற்கள். (கிடாரைப் போட்டு வைத்திருக்கும் அலமாரி உட்பட!) அவர்கள் கூட்டிவந்த ஆப்பிரிக்க அடிமைகளும், அவர்களின் கலப்பு வழிவந்த பறங்கியர்களும் ஒரு துள்ளல் இசையை அந்தத் தீவில் வளர்த்தார்கள். அதன் ஒரு வடிவம் கஃப்ரிஞ்ஞா. பிற்காலத்தில் அதிலிருந்து வளர்ந்தது பைலா. போர்த்துக்கீசிய மொழியில் பைலார் என்றால் ஆடுவது.

பைலாவின் தாளம் ரொம்பச் சுலபம். "தகிட தகிட, தகிட தகிட" என்று சொல்லிப் பாருங்கள், கால் தானாக ஆடும். நம் கணக்கில் திஸ்ர நடை. மேல்நாட்டுக் கணக்கில் எட்டுக்கு ஆறு. 1940களில் வொலி பாஸ்டியன் என்ற போலீஸ்காரர் இந்த இசைக்குச் சிங்களத்தில் பாட்டுக் கட்டிப் பாடி, கல்யாண வீடுகளிலும் விருந்துகளிலும் பிரபலமாக்கினார். 1960களின் நடுவில் கிளாரன்ஸ் விஜேவர்தன, தி மூன்ஸ்டோன்ஸ் என்ற குழு வழியாகச் சிங்களப் பாட்டில் எலெக்ட்ரிக் கிடாரைக் கொண்டுவந்தார். உலகம் முழுக்க பீட்டில்ஸ் பைத்தியம் பிடித்திருந்த நேரம் அது. நான்கு பையன்கள், ஒரு கிடார், ஒரு பொங்கோஸ் இருந்தால் ஒரு இசைக்குழு தயார் என்ற எண்ணம் கொழும்பிலும் வந்துவிட்டது.

மூணு கார்டு ஏன் போதும்?

இங்கே கொஞ்சம் டெக்னிக்கல். பயப்படாதீர்கள், எனக்குத் தெரிந்த அளவுக்குத்தான் சொல்லப்போகிறேன்.

கார்டு என்றால் ஏடிஎம் கார்டு இல்லை. மூன்று ஸ்வரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்க வைப்பது. ச, க, ப மூன்றையும் சேர்த்துத் தட்டினால் முதல் கார்டு. ம, த, ச சேர்த்தால் இரண்டாவது. ப, நி, ரி சேர்த்தால் மூன்றாவது. இப்போது எண்ணிப் பாருங்கள். ச ரி க ம ப த நி, ஏழும் வந்துவிட்டதா? சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்களும் இந்த மூன்று கார்டுகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அதனால் அந்த ஸ்வரங்களுக்குள் போகும் எந்த எளிய மெட்டை எடுத்தாலும், ஒவ்வொரு இடத்திலும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று பொருந்தும். "மூணு கார்டு தெரிந்தால் முந்நூறு பாட்டு" என்று பையன்கள் சொல்வது சும்மா இல்லை.

இன்னொன்று. நம்மூர்ப் பாடகர்கள் சுருதியைக் கட்டையில் சொல்வார்கள். ஹார்மோனியத்தில் சி என்பது 1 கட்டை, டி 2 கட்டை, ஈ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. கிடாரின் ஆறு கம்பிகளும் தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. அதாவது 3, 6, 2, 5, 7, 3 கட்டை. இதை மனப்பாடம் செய்துகொண்டால் கிடாரும் ஆர்மோனியப் பெட்டியும் ஒரே பாஷை பேச ஆரம்பித்துவிடும். உங்கள் குரல் 2 கட்டையில் வசதியாக நிற்கிறது என்றால் டி கார்டை வீடாக வைத்துக்கொண்டு ஜி, ஏ இரண்டுக்கும் போய்வரலாம். மூன்றுமே விரலுக்கு எளிதான கார்டுகள். கொஞ்சம் மேலே வேண்டுமா, கழுத்தில் கேப்போ என்ற கிளிப்பை மாட்டினால் ஒரு கட்டத்துக்கு அரைக் கட்டை ஏறும். (சரியாகச் சொன்னால் ஒரு அரை ஸ்வரம். ஈ-யிலிருந்து எஃப்புக்கும், பி-யிலிருந்து சி-க்கும் ஒரே கட்டம்தான்.)

கர்நாடக சங்கீதத்தின் படிக்கட்டு வேறு. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், அப்புறம்தான் கீர்த்தனை. அந்தப் படிக்கட்டில் ஏறியவர்களுக்குக் கிடைக்கும் ஞானம் பெரியது, அதில் எனக்கு சந்தேகமே இல்லை. ஆனால் அதில் ஏற குரு வேண்டும், வருஷக்கணக்கில் நேரம் வேண்டும், வீட்டில் சம்மதம் வேண்டும். மூணு கார்டுக்கு ஒரு மாதமும், கொப்புளம் பொறுக்கும் மனசும் போதும். யார் யார் பாட வரலாம் என்பதை இந்த நுழைவுக் கட்டணம்தான் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறேன். (காமர்ஸ் படிப்பவன் புத்தி, மன்னிக்கவும்.)

உரும்பிராய்க்காரர் ஒருவர்

யாழ்ப்பாணம் சங்கீதத்தில் ஆசாரமான ஊர். 1960ல் மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகம் தொடங்கி முறையாகக் கர்நாடக இசை சொல்லிக் கொடுத்தார்கள். அங்கிருந்து அதிக தூரம் இல்லாத உரும்பிராயைச் சேர்ந்தவர்தான் நித்தி கனகரத்தினம். 1960களின் பிற்பகுதியில் அவர் கிழக்கே அம்பாறையில் ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் மாணவர். தமிழ், சிங்களம் என்று எல்லா ஊர்ப் பையன்களும் கலந்து படித்த இடம். மாணவர் விழாக்களில் சிங்கள மாணவர்கள் பைலா பாடினால் அரங்கமே எழுந்து ஆடும். தமிழில் அப்படி ஆட ஒரு பாட்டு? சினிமாப் பாட்டை விட்டால் கிடையாது.

அவர் பாடி மேடையேற்றிய பாட்டுதான் "சின்ன மாமியே". மாமியிடம் போய் மகள் எங்கே என்று கேட்கிற ஒரு குறும்புக்கார மருமகனின் கதை. தத்துவம் இல்லை, இலக்கணத் தமிழ் இல்லை, அப்படியே யாழ்ப்பாணப் பேச்சு. கள்ளுக்கடைக்குப் போகாதே என்று சொல்லும் இன்னொரு பாட்டும் அவரைப் பிரபலமாக்கியது. புத்திமதிப் பாட்டுதான், ஆனால் மெட்டைக் கேட்டால் கடைக்குள்ளிருந்தே பாடுகிற மாதிரி துள்ளும் :-)

இந்தப் பாட்டுகளை அங்கே "பொப்" என்றார்கள். நாம் டாக்டர் என்போம், அவர்கள் டொக்டர் என்பார்கள். நமக்கு பாப், அவர்களுக்கு பொப். நித்தி கனகரத்தினத்தைத் தமிழ்ப் பொப் இசையின் தந்தை என்று இன்றும் சொல்கிறார்கள். அவரோ பின்னாளில் ஆசிரியப் பணிக்குப் போய், ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டார். பாட்டு அவருக்குத் தொழில் இல்லை. இதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு இசை வகையின் "தந்தை" என்று பெயர் வாங்கியவர், அதை ஒரு மாணவராக, பாடத்துக்கு நடுவே ஆரம்பித்தவர்.

அவர் தனியாள் இல்லை. திருகோணமலையில் பரமேஸ், கோணேஸ் சகோதரர்கள் பாடினார்கள். இன்னும் பல இளைஞர்கள் கிடாரும் பொங்கோஸும் எடுத்துக்கொண்டு மேடை ஏறினார்கள். இவர்களில் தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரிந்த முகம் ஏ.ஈ. மனோகரன். சிலோன் மனோகர் என்றால் நம் ஊரில் பெரியவர்களுக்குத் தெரியும். பாப் இசைச் சக்கரவர்த்தி என்ற பட்டத்தோடு மேடையில் ஆடிப்பாடியவர். தமிழ் சினிமாவில் வில்லனாகவும் நடித்தவர்.

காற்றில் வந்த கப்பல்

இந்தப் பாட்டெல்லாம் இந்தப் பக்கம் எப்படி வந்தது? கப்பலில் இல்லை, காற்றில் வந்தது.

1952ல் பி.வி. கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சர் ஆனார். சினிமாப் பாட்டு மக்கள் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கொள்கை. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட இல்லாமலே போனது. (இதே வானொலிதான் 1940லிருந்து முப்பது வருஷத்துக்கும் மேல் ஆர்மோனியத்தைக்கூட ஒதுக்கி வைத்திருந்தது. நம் இசைக்கு ஒத்துவராத வாத்தியமாம். இன்று ஆர்மோனியம் இல்லாத பஜனை உண்டா?) கேட்கிற ஜனங்கள் என்ன செய்வார்கள்? முள்ளைத் திருப்பினார்கள். இலங்கை வானொலி 1950லேயே வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது. தமிழ், இந்தி இரண்டிலும் சினிமாப் பாட்டாகப் போட்டுத் தாளித்தார்கள். விளம்பரப் பணம் கொட்டியது. டெல்லி விழித்துக்கொண்டு விவித் பாரதி ஆரம்பித்தது 1957ல். அதற்குள் "சிலோன் ரேடியோ" தமிழ்நாட்டு வீடுகளில் குடும்ப உறுப்பினர் ஆகிவிட்டது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது என்று அந்த அறிவிப்பாளர்களின் பெயர்களை எங்கள் நன்னா (அம்மாவின் அத்தா) சொந்தக்காரர்கள் பெயர் மாதிரி சொல்வார்.

கோட்டைப்பட்டினம் மாதிரி கடற்கரை ஊர்களில் சிலோன் ரேடியோ தெளிவாகக் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. மத்திய அலை உப்புத் தண்ணீர் மேல் போகும்போது நிலத்தின் மேல் போவதைவிடக் குறைவாகத்தான் பலம் இழக்கும். நடுவில் மலை இல்லை, கட்டடம் இல்லை. பாக் நீரிணையின் அகலமே 64லிருந்து 137 கிலோமீட்டர்தான். எங்களுக்குச் சென்னையைவிட யாழ்ப்பாணம் எவ்வளவோ பக்கம். பாஸ்போர்ட் இல்லாமல் தினமும் வந்துபோன ஒரே விருந்தாளி அந்த வானொலிதான்.

சினிமாப் பாட்டுக்கு நடுவே அவ்வப்போது அவர்கள் ஊர் மெல்லிசையும், பொப்பும் போடுவார்கள். அப்படித்தான் "சின்ன மாமியே" ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் டீக்கடைகளுக்கு வந்து சேர்ந்தது.

ஒரு பொருளாதாரப் பாடம்

எங்கள் பாடப் புத்தகத்தில் "குழந்தைத் தொழில் வாதம்" என்று ஒன்று வரும். அமெரிக்காவின் அலெக்சாண்டர் ஹாமில்டன், ஜெர்மனியின் ஃப்ரெடரிக் லிஸ்ட் இருவரும் சொன்னது. ஒரு நாட்டில் புதிதாகப் பிறக்கும் தொழில், வளர்ந்த வெளிநாட்டுத் தொழிலோடு முதல் நாளே மோதினால் செத்துவிடும். கொஞ்ச காலம் இறக்குமதியைத் தடுத்து வளர விடவேண்டும் என்பது வாதம். ஐந்து மார்க் கேள்வி. எழுதிவிட்டு மறந்துவிடுவோம்.

சிலோன் பாப் இதற்கு ஒரு நல்ல உதாரணம். 1970ல் சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்தார். அந்நியச் செலாவணி தட்டுப்பாடு. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. இந்தியத் தமிழ்ப் பத்திரிகைகளும் படங்களும் முன்போலத் தாராளமாக வரவில்லை. சாப்பாட்டுச் சாமானுக்கே வரிசையில் நின்ற காலம், ஜனங்கள் பட்ட கஷ்டம் கொஞ்சமில்லை. ஆனால் அந்த இடைவெளியில் அங்கே உள்ளூர்த் தமிழ் நாவல், நாடகம், மெல்லிசை, பொப் எல்லாம் மூச்சு விட்டன. வானொலிக்கு நேரத்தை நிரப்ப உள்ளூர்க் குரல் தேவைப்பட்டது. செங்கை ஆழியானின் நாவலான "வாடைக்காற்று" 1978ல் அங்கேயே படமாக வந்தது. மனோகரனும் அதில் நடித்தார்.

1977ல் ஆட்சி மாறியது, பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. இந்தியப் பாட்டும் கேசட்டும் மறுபடி வெள்ளமாக வந்தன. குழந்தை இன்னும் சரியாக நடக்கப் பழகவில்லை. கட்டுப்பாடு நல்லதா கெட்டதா என்று கேட்டால், அரிசிக்கு ஒரு பதில், பாட்டுக்கு ஒரு பதில் சொல்லவேண்டியிருக்கிறது. ஐந்து மார்க்கில் இது அடங்காது.

மயிலாப்பூரில் இன்னொரு கிடார்

அதே 1960களின் கடைசியில் இந்தப் பக்கம் என்ன நடந்தது என்றும் பார்த்துவிடலாம். பண்ணைப்புரத்திலிருந்து ஒரு இளைஞர் சென்னைக்கு வருகிறார். அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் ஊர் ஊராகக் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தவர். அதுவும் பார்த்துப் பார்த்து, கேட்டுக் கேட்டுப் பழகியதுதான். சென்னையில் மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் சேர்ந்து மேல்நாட்டு இசைக் குறிப்பு, பியானோ, கிடார் எல்லாம் கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். சினிமா இசைக்குழுக்களில் கிடார் வாசித்தார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1976ல் "அன்னக்கிளி". மீதிக் கதை உங்களுக்கே தெரியும். இளையராஜா.

இவர் "முறையா கத்துக்கணும்" என்ற வழியின் உச்சம். ஊரில் கேட்டுப் பழகியவர், அது போதாது என்று உணர்ந்து அடிப்படையிலிருந்து திரும்பப் படித்தார். இங்கே ஒரு விஷயம். தன்ராஜ் மாஸ்டரைப் பார்ப்பதற்கு முன்பே அவர் பல வருஷம் ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு முன்னால் வாசித்திருந்தார். "முதலில் கற்றுக்கொண்டு அப்புறம் வாசிக்கிறேன்" என்று அவர் காத்திருக்கவில்லை. வாசித்துக்கொண்டே இருந்ததால்தான் எதைக் கற்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது என்பது என் யூகம்.

பாட்டுக்கும் இதே கதைதான். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் ஒலிபெருக்கி கட்டினால் முதலில் வருவது நாகூர் இ.எம். ஹனீபாவின் (1925–2015) குரல். அவர் குருகுலத்தில் உட்கார்ந்து சங்கீதம் படித்தவர் இல்லை. மீலாது மேடைகளிலும் திராவிட இயக்க மேடைகளிலும் பாடிப் பாடியே அந்த வெண்கலக் குரல் பழுத்தது.

இரண்டும் சந்தித்த வருஷம்

1977. "அவர் எனக்கே சொந்தம்" என்று ஒரு படம். இசை இளையராஜா. அதில் "சுராங்கனி" பாட்டு வருகிறது. பாடியவர்கள் மலேசியா வாசுதேவன், ரேணுகா. மனோகரன் இலங்கை மேடைகளில் பாடிப் பிரபலமாக்கிய அதே பைலா மெட்டு.

யோசித்துப் பாருங்கள். ஆப்பிரிக்க, போர்த்துக்கீசியக் கலப்பில் பிறந்த தாளம். சிங்களப் பல்லவி. யாழ்ப்பாணத் தமிழர்கள் வாயில் வளர்ந்தது. டிரினிட்டி வரை படித்த பண்ணைப்புரத்துக்காரர் எடுத்துக்கொடுக்க, மலேசியாவிலிருந்து வந்த ஒரு தமிழர் பாடுகிறார். எட்டாம் கிரேடு கிடாரும் மூணு கார்டு கிடாரும் ஒரே மெட்டில் கை கொடுத்துக்கொண்ட இடம் இது. படம் மறந்துபோய்விட்டது. பாட்டு இன்றுவரை கல்லூரி டூர் பஸ்ஸில் கடைசி சீட்டில் உயிரோடு இருக்கிறது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். அந்தப் பல்லவியில் வரும் "மாலு" என்ற சொல்லை நாம் ஏதோ தாளத்துக்குப் போட்ட சத்தம் என்று நினைத்து மேசையைத் தட்டிக்கொண்டே கத்துகிறோம். சிங்களத்தில் மாலு என்றால் மீன். சுராங்கனி என்ற பெண்ணுக்கு ஒருவன் மீன் கொண்டுவருகிறான், அவ்வளவுதான் விஷயம். இது தெரிந்த அன்று நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் ஊரிலும் பக்கத்து ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுதான் பல குடும்பங்களுக்குச் சோறு. அதே கடலில் மீனுக்குப் போகிறார்கள். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடிக்கிறது. படகு போகிறது, ஆள் சிறைக்குப் போகிறார். 2021 அக்டோபரில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன ஒரு படகு கடற்படைக் கப்பலோடு மோதி மூழ்கியதில் ஒரு மீனவர் உயிரே போனது. மறுபக்கம் யாழ்ப்பாணத்து மீனவர்களும் தமிழர்கள்தான். நம் இழுவைமடி தங்கள் வலையையும் கடலின் அடித்தளத்தையும் அழிக்கிறது என்பது அவர்கள் குறை. 2017ல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது. இரண்டு பக்கமும் வயிற்றுப்பாடு. ஒரு காலத்தில் இந்தக் கடல் மேல் மீனைப் பற்றிய பாட்டு வந்தது. இப்போது மீனைப் பற்றிய செய்தி மட்டும் வருகிறது.

அப்புறம் என்ன ஆனது?

1983 ஜூலைக் கலவரம். அதற்குப் பிறகு போர். 2009 மே மாதம் வரை. பையன்கள் கிடாரோடு ஊர் ஊராகப் போய்ப் பாடுவதற்கு முதலில் ஊர் அமைதியாக இருக்கவேண்டும். பாடியவர்களும் கேட்டவர்களும் கனடா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, சென்னை என்று சிதறினார்கள். நம் பக்கம் தொலைக்காட்சியும் எஃப்.எம்மும் வந்தபின் சிலோன் ரேடியோவைத் திருப்புகிறவர்கள் குறைந்தார்கள். மனோகரன் 2018 ஜனவரி 22 அன்று சென்னையில் காலமானார். செய்திகளில் "சுராங்கனி புகழ்" என்று போட்டார்கள். ஒரு தலைமுறைக்கு அவர் நினைவு, அடுத்த தலைமுறைக்கு அந்தப் பாட்டு மட்டும் நினைவு.

புலம்பெயர்ந்தவர்களின் பொங்கல் விழாக்களிலும் கல்யாணங்களிலும் இன்றும் பைலா உண்டு என்று யூடியூபில் பார்க்கிறேன். பனி பெய்யும் ஊரில் வேட்டி கட்டிய மாமாக்கள் "தகிட தகிட" ஆடுகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாகவும் இருக்கிறது, என்னவோ மாதிரியும் இருக்கிறது.

ஆக, கற்றுக்குட்டி பாடலாமா?

இந்த வரலாற்றைப் படித்ததில் எனக்குத் தோன்றியவற்றைச் சொல்லிவிடுகிறேன். கிடார் வாங்கி வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்கவும்.

1. சிலோன் பாப் பாடியவர்கள் கடினமான பாட்டிலிருந்து ஆரம்பிக்கவில்லை. நம் பையன்கள் வாங்கிய வாரமே "இளைய நிலா"வின் ஆரம்ப கிடாரை எடுத்து விரலை உடைத்துக்கொள்கிறார்கள். அது திறமையான ஸ்டூடியோ கலைஞர்கள் வாசித்தது. முதலில் டி, ஜி, ஏ. இரண்டு கார்டுக்கு நடுவே கை தடுமாறாமல் மாற வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

2. வாசிப்பதும் பாடுவதும் தனித்தனி வேலை. சேர்த்துச் செய்யும்போது கை பாட்டின் பின்னால் ஓடும், இல்லை பாட்டு கையின் பின்னால் ஓடும். முதலில் ஒரே கார்டில் "தகிட தகிட" என்று வாயால் சொல்லிக்கொண்டே தட்டுங்கள். கை தானாக ஓட ஆரம்பித்தபின் வார்த்தையைச் சேருங்கள்.

3. குரலுக்குச் சுருதி தேடுங்கள், சுருதிக்குக் குரலைக் கிழிக்காதீர்கள். பாடகர் 5 கட்டையில் பாடியிருந்தால் நீங்களும் 5 கட்டையில் பாடவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

4. உங்கள் ஊர்ப் பேச்சில் நாலு வரி கட்டிப் பாருங்கள். "சின்ன மாமியே" நின்றதற்கு அதன் கார்டு காரணம் இல்லை. உலகத்தில் எத்தனையோ கோடிப் பாட்டுக்கு அதே கார்டுதான். ஒரு ஊர் தன் பேச்சைத் தானே முதல்முறை மைக்கில் கேட்டதுதான் காரணம்.

நாலாவது விஷயத்தில்தான் என் ஆதங்கம் இருக்கிறது. கோட்டைப்பட்டினம் பேச்சில் ஒரு பாட்டு கிடையாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்றுபோகும் பஸ் பற்றி, ஐஸ் பெட்டி பற்றி, வளைகுடாவிலிருந்து வாரம் ஒருமுறை போன் பேசும் அத்தாக்களைப் பற்றி, இலங்கைச் சிறையிலிருந்து திரும்பி வந்தவர்களைப் பற்றி யாரும் பாடவில்லை. யாராவது நன்றாகக் கற்றுக்கொண்டு வந்து பாடுவார்கள் என்று காத்திருக்கிறோம். அம்பாறையில் அப்படிக் காத்திருந்திருந்தால் சிலோன் பாப் என்று ஒன்று வந்தே இருக்காது.

முறையாகக் கற்பது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தன்ராஜ் மாஸ்டர் மாதிரி ஒருவர் கிடைத்தால் காலில் விழுந்து கற்றுக்கொள்ளுங்கள். கிடைக்கும்வரை அலமாரியில் தூங்கவேண்டாம், அவ்வளவுதான்.

அடுத்த கட்டுரையில் மலேசியா, சிங்கப்பூர் தமிழ்ப் பாட்டுக் குழுக்களைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். அதற்குள் இன்டர்னல் தேர்வு வருகிறது. காஸ்ட் அக்கவுன்ட்ஸ் என்னை முறைத்துப் பார்க்கிறது. வரட்டுமா?